பொதுப்பணமும் கண்ணாடி இழையும்: ஒசூர் எல்லைப்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

வினாவும் களமும்

நாடு முழுவதற்குமான கண்ணாடி இழை இணைய வலையமைப்பை அரசு தன் செலவில் அமைக்க வேண்டுமா, அல்லது தனியார் முதலீட்டுக்கும் சந்தையின் போக்குக்கும் அதை விட்டுவிடலாமா என்னும் வினா, இந்தியாவில் 2011ஆம் ஆண்டு முதல் அமைச்சரவை முடிவுகளிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் தணிக்கை ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் எழுந்து வந்துள்ளது. இவ்வினாவுக்கு நாடு தழுவிய சராசரிகளைக் கொண்டு விடை தேடுவோர், பெரும்பாலும் தாம் முன்னரே கொண்டிருந்த முடிவையே சென்றடைகின்றனர். ஏனெனில் சராசரி என்பது இணைப்பு மிகுந்த ஊரையும் இணைப்பே இல்லாத ஊரையும் ஒன்றாகக் கலந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஓர் ஊரைக் காட்டுவது. ஆகவே, இவ்விரு நிலைகளும் சில மணிநேரப் பயணத் தொலைவுக்குள் அடங்கியிருக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுடையது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி அத்தகையது. நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தின் வழியே வரும் தென்பெண்ணையாற்றைத் தமிழ்நாட்டின் எல்லைக்குள் முதலில் தேக்குவது ஒசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணை. அதன் அருகிலேயே, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து வளர்ந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெருந்தொழிற்சாலைகளைக் கொண்டு, 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த ஒசூர் நகரம் இருக்கிறது. இந்நகரத்தைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கிறது. இதே மாவட்டத்தில், தளி, தேன்கனிக்கோட்டை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், காப்புக் காடுகளும் யானை வழித்தடங்களும் சூழ்ந்த அஞ்செட்டி மலைப்பகுதியின் சிதறிய சிற்றூர்கள் வருகின்றன. முதற்பகுதியில் இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுகின்றன. இரண்டாம் பகுதியில் வாடிக்கையாளர்கள் நிறுவனங்களுக்காகக் காத்திருக்கின்றனர்.

அரசு செலவிட வேண்டுமா என்பதைக் காட்டிலும், எந்தப் பகுதிக்கு, வலையமைப்பின் எந்த அடுக்குக்கு, எந்த நிபந்தனையின் கீழ்ச் செலவிட வேண்டும் என்பதே சரியான வினா என்பதையும், அதற்கு இதுவரையிலான அனுபவம் தெளிவான விடையைத் தந்திருக்கிறது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலையமைப்பின் மூன்று அடுக்குகள்

கண்ணாடி இழை என்பது மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடித் தந்தி. தகவல் அதனுள் ஒளித்துடிப்புகளாக ஓடுகிறது. பல இழைகளைச் சேர்த்து உறையிட்ட வடமே மண்ணில் புதைக்கப்படுகிறது, அல்லது கம்பங்களில் கட்டப்படுகிறது. இத்தகைய வலையமைப்பை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். பெருநகரங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் இணைப்பது முதுகெலும்புத் தடம். அங்கிருந்தும் ஒன்றியத் தலைமையிடங்களிலிருந்தும் ஊராட்சிகள் வரை செல்வது இடைத்தடம். ஊராட்சியிலிருந்து வீடு, பள்ளி, கடை ஆகியவற்றுக்குள் நுழைவது கடைத்தடம்.

இவற்றின் செலவுக் கணக்கை அறியாமல் அரசின் பங்கைப் பற்றி முடிவெடுக்க இயலாது. வடத்தின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதியே. பள்ளம் தோண்டுதல், சாலை, இரயில்பாதை, காடு ஆகியவற்றைக் கடக்க அனுமதி பெறுதல், கம்பங்களுக்கு வாடகை கொடுத்தல், அறுந்த இடத்தைத் தேடி ஒட்டுதல் ஆகியவையே பெருஞ்செலவை விழுங்குகின்றன. இச்செலவு தொலைவைப் பொறுத்து ஏறுகிறது. வருமானமோ அத்தொலைவில் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே வருகிறது. அதனால் வீடுகள் நெருங்கிய நகரில் இலாபம் தரும் தொழில், வீடுகள் சிதறிய மலையில் நட்டத் தொழிலாகிவிடுகிறது. மேலும், ஒரு முறை இட்ட வடத்தின் திறனை, வடத்தைத் தொடாமல் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றுவதன் மூலமே பல மடங்கு உயர்த்த முடியும் என்பதால், ஒரே சிற்றூருக்கு இரு நிறுவனங்கள் தனித்தனியே பள்ளம் தோண்டுவது பொருளற்ற செலவாகும். ஒரு பகுதிக்கு ஒரு தடமே போதும், இரண்டாவது வீண் என்னும் இந்நிலையைப் பொருளியலார் இயற்கை முற்றுரிமை என்பர். சாலைக்கும் மின்கடத்தலுக்கும் உரிய இப்பண்பு, இடைத்தடத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. அத்தடத்தின் மீது நடக்கும் இணையச் சேவை விற்பனைக்குப் பொருந்துவதில்லை. இவ்வேறுபாடே இவ்வாய்வின் அடித்தளம்.

இரு தரப்பு வாதங்கள்

அரசு இத்துறையில் செலவிடக் கூடாது என்போரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசித் தரவின் விலை சரிந்து, கோடிக்கணக்கானோர் பொதுப்பணத்தின் துணையின்றியே இணையத்துக்கு வந்தனர் என்பது அவர்களது முதல் சான்று. அரசின் மலிவான வலையமைப்பு வரும் என்னும் எதிர்பார்ப்பே தனியார் முதலீட்டைத் தயங்கச் செய்யும் என்பது இரண்டாவது. அரசுத் துறைகள் இட்ட வடத்தின் நீளத்தைக் கணக்குக் காட்டுவதில் நிறைவடைந்து, அதில் ஒளி ஓடுகிறதா என்பதைப் பார்ப்பதில்லை என்பது மூன்றாவது. குடிநீருக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நிதி போதாத நாட்டில் இது முன்னுரிமையாகுமா என்பது நான்காவது.

செலவிட வேண்டும் என்போர், இணைப்பின் பயன் அதை விற்கும் நிறுவனத்தின் கணக்கில் முழுமையாக வந்து சேர்வதில்லை என்பதிலிருந்து தொடங்குகின்றனர். ஒரு சிற்றூருக்கு இணைப்பு வந்தால் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வங்கி முகவரும் விளைபொருள் விற்கும் உழவரும் பயனடைகின்றனர். நிறுவனத்துக்குக் கிடைப்பதோ மாதச் சந்தா மட்டுமே. வளரும் நாடுகளில் அகலக்கற்றை இணைப்பு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் உயரும்போது பொருளாதார வளர்ச்சி 1.38 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்வதாக உலக வங்கியின் 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. வளர்ச்சி பெற்ற நாடுகளே இணைப்பையும் விரைவாகப் பெறுகின்றன என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். ஆகவே அந்த எண்ணைப் பெரிதும் நம்பாமல், திசையை மட்டும் ஏற்பதே முறை.

இதனினும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அரசே தன் சேவைகளை இணையத்தின் மீது ஏற்றிவிட்டது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் ஆகியவை இ-சேவை மையங்கள் வழியே நடக்கின்றன. நியாயவிலைக் கடையில் விற்பனை முனையக் கருவி வேலை செய்தால்தான் அரிசி கிடைக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப்பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இணைப்பில்லாத ஊரில் வாழ்பவர் இன்று இழப்பது வசதியை மட்டுமன்று, சட்டப்படி தமக்குரிய உரிமையையும்தான். உரிமையைப் பெறும் வழியை மாற்றியமைத்த அரசுக்கு, அவ்வழியை ஒவ்வோர் ஊருக்கும் கொண்டுசேர்க்கும் கடமை இயல்பாகவே வந்து சேர்கிறது.

ஏற்றத்தாழ்வின் அளவையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக்கான 75ஆவது சுற்றின்படி, இணைய வசதி பெற்ற குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 42 விழுக்காடாகவும் ஊர்ப்புறத்தில் 14.9 விழுக்காடாகவும் இருந்தன. அடுத்த இரண்டாண்டுகளில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டு அரசு தன் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சேர்க்கக் கல்வித் தொலைக்காட்சியைப் பெரிதும் நம்ப வேண்டியிருந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

நிதியின் மூலமும் பாரத்நெட்டின் வரலாறும்

இத்திட்டத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது பொது விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதிக்குச் செலுத்தி வருகின்றன. இலாபம் தராத இடங்களுக்கும் சேவை சென்றடைய வேண்டும் என்பதற்கென ஏற்பட்ட இந்நிதி, 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாறியுள்ளது. நிறுவனங்கள் செலுத்தினாலும், இறுதியில் அதைச் சுமப்பவர் கட்டணம் கட்டும் பயனாளரே. ஆகவே, குடிநீருக்குரிய பணத்தை எடுத்து இணையத்துக்குச் செலவிடுவதாகச் சொல்வது முழு உண்மையன்று. இணைப்புள்ளோரிடமிருந்து இணைப்பற்றோருக்காகவே திரட்டிய பணம் உரியவருக்குச் சென்றடைந்ததா என்பதே கேட்கப்பட வேண்டியது.

2011 அக்டோபர் 25இல் மத்திய அமைச்சரவை தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சுமார் 20,000 கோடி ரூபாயில், இரண்டே ஆண்டுகளில், சுமார் 2.5 இலட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. இதற்கென 2012இல் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் லிமிடெட் என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இராஜஸ்தானின் அராய்ன், ஆந்திரத்தின் பரவாடா, திரிபுராவின் பானிசாகர் ஆகிய மூன்று ஒன்றியங்களில் முன்னோட்டம் நடந்தது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற இத்திட்டத்தின் முதற்கட்டம், ஒரு இலட்சம் ஊராட்சிகளுடன், 2017 டிசம்பரில்தான் நிறைவடைந்தது. அதே ஆண்டில் மொத்த மதிப்பீடு 42,068 கோடி ரூபாயாக உயர்ந்தது. 2021 ஜூனில், 16 மாநிலங்களில் அரசு-தனியார் கூட்டு முறையில் பணியை ஒப்படைக்க 19,041 கோடி ரூபாய் நிதியுதவியுடன் முடிவு செய்யப்பட்டது. அதற்கான ஒப்பந்தப்புள்ளிக்கு ஏலதாரர் எவரும் வரவில்லை. 2022 ஜூலையில் பாரத் பிராட்பேண்ட் நிறுவனத்தை அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான பிஎஸ்என்எல்லுடன் இணைக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டம் ஏற்கப்பட்டது.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, வடிவமைப்பைப் பற்றியது. தொடக்க வடிவமைப்பு, ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஏற்கெனவே இருந்த பிஎஸ்என்எல் வடத்தைக் கொண்டு இயன்ற தூரம் சென்று, அதன் முடிவிலிருந்து ஊராட்சி வரை புதிய வடத்தை ஒற்றைக்கோடாக இழுப்பதாக இருந்தது. ஒற்றைக்கோட்டில் ஓரிடம் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் அணைந்துவிடும். சாலை விரிவாக்கமும் குடிநீர்க் குழாய்ப் பணியும் ஓயாத நாட்டில் வடம் அறுபடுவது அன்றாட நிகழ்ச்சி. வடம் ஊராட்சிகளைச் சுற்றி வளையமாகத் திரும்பி வந்தால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்தின் வழியே தொடர்பு நிலைக்கும். இந்த வளைய அமைப்பு 2023இன் திருத்திய திட்டத்தில் எல்லா ஊராட்சிகளுக்கும் உரிய நெறியாயிற்று.

இரண்டாவது பாடம், எதைச் சாதனையாக எண்ணுவது என்பது. முதற்கட்டத்தில் ஊராட்சி அலுவலகத்தில் முனையக்கருவி பொருத்தப்பட்டதும் அவ்வூராட்சி சேவைக்குத் தயார் எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் கருவிக்கு மின்சாரமும் அறைக்குப் பொறுப்பாளரும் அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்புத் தருபவரும் இல்லாத இடங்களில் அத்தயார்நிலை தாளிலேயே நின்றது. திருத்திய திட்டம், கட்டுமானத்தோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தும், ஊர்ப்புறங்களில் 1.5 கோடி வீட்டு இணைப்புகளை இலக்காக வைத்தும், உள்ளூர்த் தொழில்முனைவோரைக் கடைத்தடத்தில் ஈடுபடுத்தியும் இப்பிழைகளைத் திருத்த முற்படுகிறது. அரசு செலவிட்டதால் தவறு நேர்ந்தது என்பதைவிட, பயன்பாட்டை அளக்காமல் செலவிட்டதால் தவறு நேர்ந்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு.

தமிழ்நாட்டின் தாமதம்

ஒசூர் எல்லையின் இரு பக்கங்களும் இவ்வகையில் வெவ்வேறு வரலாறு கொண்டவை. கர்நாடகத்தின் ஊராட்சிகள் பாரத்நெட்டின் முதற்கட்டத்திலேயே இடம்பெற்றன. தமிழ்நாடு, இரண்டாம் கட்டத்தில் மாநில அரசே பணியை நடத்தும் முறையைத் தேர்ந்தெடுத்தது. இதற்கென 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், சுருக்கமாக டான்ஃபிநெட், உருவாக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் சுமார் 1,950 கோடி ரூபாய் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குவதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசு அதை ரத்து செய்து புதிதாகக் கோருமாறு பணித்தது. பின்னர் மாநிலம் நான்கு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, பணிகள் தொடங்கின. வடத்தின் பெரும்பகுதியை மின்கம்பங்களின் வழியே கொண்டுசெல்வதும், ஊராட்சிதோறும் நொடிக்கு ஒரு ஜிகாபிட் திறன் தருவதும் இத்திட்டத்தின் கூறுகள்.

இத்தாமதத்தின் விலையைக் கோடிகளில் மட்டும் கணக்கிட்டுவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தின் பெரும்பகுதியில், இணைய வகுப்புகள் மிகத் தேவைப்பட்ட அதே மாதங்களில், ஒப்பந்தப்புள்ளி மீண்டும் கோரப்படும் நிலையில் இருந்தது. நேர்மையான கொள்முதல் தாமதத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. தொடக்கத்திலேயே திறந்த போட்டிக்கு இடமளிக்கும் நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தால் நேர்மையும் விரைவும் ஒருசேரக் கைகூடியிருக்கும். பொதுப்பணம் செலவாகும் திட்டத்தில் வெளிப்படைத்தன்மையே விரைவுக்கான வழி என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பிற மாநிலங்களும் நாடுகளும்

ஆந்திரம் 24,000 கிலோமீட்டர் வடத்தை மின்கம்பங்களில் கட்டி, உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களைக் கடைத்தடத்தின் பங்காளிகளாக்கி, தொலைக்காட்சி, தொலைபேசி, இணையம் மூன்றையும் மாதம் 149 ரூபாய் தொடக்கக் கட்டணத்தில் தந்தது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஏற்கெனவே தெருத்தெருவாக வாடிக்கையாளரை அறிந்த கேபிள் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டது அதன் வலிமை. அடக்கத்துக்கும் போதாத கட்டணமும் பின்னர் எழுந்த ஒப்பந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளும் அதன் சோதனை. கேரளம் 2023 ஜூன் 5இல் தொடங்கிய கே-ஃபோன் திட்டம், 30,000 அரசு அலுவலகங்களையும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 20 இலட்சம் குடும்பங்களையும் இலக்காகக் கொண்டது. சட்டமன்றத் தொகுதிக்கு நூறு குடும்பங்கள் என 14,000 குடும்பங்களுக்கு முதலில் இலவச இணைப்பு என்னும் தொடக்கமே, முதுகெலும்பை அமைப்பதற்கும் கடைசி வீட்டைச் சென்றடைவதற்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டுகிறது.

வெளிநாடுகளில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒப்பிடத்தக்கவை. ஆஸ்திரேலிய அரசு 2009இல் 43 பில்லியன் டாலர் மதிப்பீட்டில் நாட்டின் மிகப்பெரும்பாலான வீடுகளுக்குக் கண்ணாடி இழை தரத் தானே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 2013இல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கப் பழைய செப்புக்கம்பிகளைக் கலந்து பயன்படுத்த முடிவு செய்யப்பட்டது. 2020இல் அந்தச் செப்புப் பகுதிகளையே மீண்டும் கண்ணாடி இழையாக மாற்றக் கூடுதல் நிதி ஒதுக்க நேர்ந்தது. நியூசிலாந்து, தனியாரும் நகரவை நிறுவனங்களும் வலையமைப்பைக் கட்ட அரசு முதலீடு தரும், ஆனால் அம்முதலீட்டைப் பெறுபவர் வீடுகளுக்கு நேரடியாகச் சேவை விற்கக் கூடாது, எல்லா விற்பனையாளருக்கும் ஒரே விலையில் தடத்தைத் தர வேண்டும் என்னும் நிபந்தனையை விதித்தது. இதற்காக அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமே 2011இல் தடம் வைத்திருக்கும் நிறுவனமாகவும் சேவை விற்கும் நிறுவனமாகவும் பிளவுண்டது. அங்கே 2022இன் இறுதிக்குள் மக்கள்தொகையில் 87 விழுக்காட்டினர் வாழும் இடங்களைக் கண்ணாடி இழை எட்டிவிட்டது. ஸ்டாக்ஹோம் நகரவை 1994இல் தொடங்கிய ஸ்டோகாப் நிறுவனமோ, முனைக்கருவிகூடப் பொருத்தாத வெற்று இழையை, அதாவது இருள் இழையை, கேட்பவர் எவருக்கும் சம நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது.

இவற்றை ஒருங்கே பார்த்தால், அரசின் பணம் எவ்வளவு என்பதைவிட, தடத்தை உடையவரும் சேவையை விற்பவரும் வேறாக வைக்கப்பட்டனரா என்பதும், ஆட்சி மாற்றத்தைத் தாண்டித் தொழில்நுட்ப முடிவு நிலைத்ததா என்பதுமே வெற்றியைத் தீர்மானித்திருப்பது புலப்படும். தடத்தை எல்லாருக்கும் சமமாகத் திறந்துவைக்கும் இந்நெறி திறந்த அணுகல் எனப்படும்.

கம்பியில்லாத் தொடர்பு மாற்றாகுமா

கைப்பேசிக் கோபுரமும் செயற்கைக்கோளும் இருக்கும்போது வடம் எதற்கு என்னும் கேள்வி நியாயமானது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் அகலக்கற்றைச் சந்தாக்கள் 94 கோடியை ஒட்டியிருந்தன. அவற்றுள் வடத்தின் வழியே வந்தவை சுமார் 4 கோடி மட்டுமே. ஆனால் இந்த எண்கள் வடத்தின் தேவையை மறுக்கவில்லை. ஏனெனில் 4ஜி, 5ஜி கோபுரங்கள் தாம் திரட்டும் தகவலை ஊரைவிட்டு வெளியே கொண்டுசெல்ல நல்ல தடம் வேண்டும், அத்தடங்களுள் மிகுந்த திறனுடையது கண்ணாடி இழையே. ஊராட்சி வரை வடம் வந்துவிட்டால் கோபுரம் அமைக்கும் நிறுவனத்தின் செலவும் குறைகிறது. மத்திய அரசு 2022 ஜூலையில் இணைப்பற்ற 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி சேவை தர 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததையும் இதன் துணையாகவே பார்க்க வேண்டும். வடம் செல்லவே முடியாத காட்டு ஊர்களுக்குச் செயற்கைக்கோள் தற்போதைக்கு ஏற்ற வழி. ஆகக் கம்பியில்லாத் தொடர்பு கடைத்தடத்துக்கு மாற்றாகலாம், இடைத்தடத்துக்கு ஆகாது.

எல்லைப்பகுதிக்குப் பொருந்தும் நெறி

மேற்கூறிய முடிவுகளைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மீது வைத்துப் பார்க்கும்போது, மூன்று வகைப் பகுதிகள் தெளிவாகப் பிரிகின்றன. ஒசூர் மாநகராட்சியும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலையோர ஊர்களும் முதல் வகை. இங்கே தேவையும் வருமானமும் நெருங்கியிருப்பதால் அரசு செய்ய வேண்டியது, தோண்டும் அனுமதியை விரைந்தும் சீராகவும் வழங்குவது, புதிய சாலை போடும்போதே வடம் செல்லும் குழாயைப் புதைத்துவைப்பது ஆகியவை மட்டுமே. பொதுப்பணத்தை இங்கே கொட்டுவது, ஏற்கெனவே இருப்பவருக்கே மேலும் கொடுப்பதாகும்.

கெலவரப்பள்ளி அணையின் பாசனப் பகுதி, சூளகிரி, இராயக்கோட்டை, வேப்பனப்பள்ளி போன்ற வேளாண் ஊர்கள் இரண்டாம் வகை. பூவும் தக்காளியும் காய்கறியும் விளையும் இவ்வூர்களின் உழவருக்குப் பெங்களூரின் விலையை அன்றே அறிவது வருமானத்தோடு நேரே தொடர்புடையது. தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் நகரின் வாடகையைத் தாங்காமல் இவ்வூர்களை நோக்கி நகர முடியும், நிலையான இணைப்பு இருந்தால். இங்கே அரசு இடைத்தடத்தை அமைத்து, அதைத் திறந்த அணுகலில் வைத்தால் போதும். கடைத்தடத்தை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களும் சிறு இணைய நிறுவனங்களும் போட்டியிட்டுக் கொண்டுசெல்வர்.

அஞ்செட்டி, தளி மலைச் சிற்றூர்கள் மூன்றாம் வகை. இங்கே இடைத்தடத்தோடு கடைத்தடத்துக்கும், அதன் பராமரிப்புக்கும், பள்ளி, சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் மாதக் கட்டணத்துக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும். வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில், ஏற்கெனவே காட்டைக் கடந்து செல்லும் மின்பாதையைப் பின்பற்றுவது புதிய அழிவையும் புதிய தாமதத்தையும் தவிர்க்கும். இச்செலவு ஒருபோதும் இலாபமாகத் திரும்பாது. திரும்ப வேண்டுமென எதிர்பார்ப்பதும் முறையன்று. மலையூர்ப் பள்ளிக்கு ஆசிரியர் அனுப்பும்போது மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு இலாபம் பார்ப்பதில்லை. இணைப்பும் அவ்வரிசையில் சேர்ந்துவிட்டது.

பொதுப்பணம் செலவாகும் இடங்களுக்கெல்லாம் பொதுவான நிபந்தனைகள் நான்கு. தடத்தின் உரிமை பொதுவில் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கும் சமமாக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்குரிய தொகையின் கணிசமான பகுதி, இட்ட நீளத்துக்கு அன்றி, மாதந்தோறும் உண்மையில் இயங்கிய இணைப்புகளுக்கு வழங்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியின் இணைப்பும் எத்தனை மணிநேரம் இயங்கியது, எத்தனை மணிநேரம் அணைந்திருந்தது என்னும் விவரம் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். பழுதை முதலில் அறிபவர் ஊரார் என்பதால், கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கே முதலில் உரியது. மாநில எல்லையின் இரு பக்க வளையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். ஒசூரின் வளையம் அறும்போது கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்து வளையம் தாங்குமாறு அமைப்பதற்குத் தடையாக இருப்பது நிர்வாகப் பிரிவினையே, தொழில்நுட்பம் அன்று.

முடிவுரை

நாடு முழுவதற்குமான கண்ணாடி இழை வலையமைப்புக்கு அரசு செலவிட வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு. எல்லா இடத்திலும் ஒரே அளவு செலவிட வேண்டும் என்பதன்று. சந்தை வந்த இடத்தில் அரசு வழிவிட வேண்டும். சந்தை பாதி வழி வரும் இடத்தில் மீதி வழியைப் போட்டுத்தர வேண்டும். சந்தை ஒருபோதும் வராத இடத்தில் இறுதிவரை செல்ல வேண்டும். 2011இன் 20,000 கோடி மதிப்பீடு 2023இல் 1,39,579 கோடியாகப் பெருகியதற்கு, பணி விரிந்ததும் பத்தாண்டுப் பராமரிப்பு சேர்ந்ததும் காரணமெனினும், தொடக்கத்திலேயே வளைய அமைப்பையும் பராமரிப்பையும் பயன்பாட்டு அளவையும் எழுதிவைத்திருந்தால் இழந்த ஆண்டுகளில் பலவற்றை மீட்டிருக்கலாம். இனி வரும் செலவு அப்பாடத்தைக் கற்றதா என்பதை அறிய, தலைநகரில் வெளியாகும் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. அஞ்செட்டி மலையூர் ஒன்றின் நியாயவிலைக் கடையும் பள்ளியும் ஆண்டு முழுவதும் தடையின்றி இணைப்பில் இருந்தனவா என்று கேட்டால் போதும். அதற்கு ஆம் என்னும் விடை வரும்வரை இத்திட்டம் முடிந்ததாக அரசு அறிவிக்கக் கூடாது, மக்களும் அதை ஏற்கக் கூடாது.